ஆறு பென்ஸ் பெற்ற மூத்த மகன்

கேள்வி: நான் ஐல் ஆஃப் மேன் தீவில், டக்ளஸ் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். என் கணவர் இந்தத் தீவுக்காரர். வடக்கே ஆண்ட்ரியாஸ் பாரிஷில் மாமனாருக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பண்ணை இருக்கிறது. மாமியார் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு நகல்களைச் சமீபத்தில் படித்தேன். ஒன்று, 1739 பிப்ரவரியில் சாகக் கிடந்த ஒரு முன்னோர் வாயால் சொன்ன உயில். பாரிஷ் ஏழைகளுக்கு ஒரு 'போல்' (பழைய தானிய அளவு) பார்லி, மூத்த மகனுக்கு ஆறு பென்ஸ், இரண்டாவது மகனுக்கு லாக்டன் கோட்டு, மூத்த மகளுக்கு ஒரு கிடாரியும் இரண்டு ஆடும், மீதியெல்லாம் இளைய பிள்ளைகள் மூவருக்கு என்று இருக்கிறது. அந்த மூவரும்தான் எக்ஸிகியூட்டர்கள். பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சாமான் பட்டியலில் 'பாதிக் குதிரை', 'பாதி அண்டா' என்றெல்லாம் வருகிறது. இன்னொரு நகல் 1736இல் ஒரு பெண் எழுதிய உயில். அவர் மனைவி என்கிறார்கள், ஆனால் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறது. கணவர் உயிரோடிருக்கும்போது மனைவி எப்படி உயில் எழுதினார்? எங்கள் மாமனார் அந்த மூத்த மகனின் வம்சம். "அப்பன் ஆறு பென்ஸ் கொடுத்து விரட்டியவன், தம்பி தங்கைகளிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிக்கொண்டான்" என்று இளைய கிளைச் சொந்தக்காரர்கள் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். மாமனார் சிரித்து மழுப்புவார், ஆனால் முகம் சுருங்கிவிடும். அவருடைய அக்கா வேறு, வீட்டிலிருக்கும் பழைய பித்தளை அண்டா மூத்த பெண்ணுக்குத்தான் சேரும் என்கிறார். மாமனார் இப்போது தன் உயிலை எழுத நினைக்கிறார். என்ன சொல்லலாம்?

பதில்:

முதலில் உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். அந்த மூத்த மகன் யாரிடமிருந்தும் நிலத்தைப் பிடுங்கவில்லை, அவனை யாரும் விரட்டவும் இல்லை. பண்ணை முழுக்க அவனுக்குத்தான் போகும் என்பது ஊருக்கே தெரிந்ததால்தான் உயிலில் அதைப் பற்றிப் பேச்சில்லை. பண்ணை அவனுக்குப் போவதால்தான் ஆறு பென்ஸோடு அவன் கணக்கு முடிந்தது.

இந்த விஷயத்தில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். பழைய பாரிஷ் ஆவணங்களைப் படித்துச் சொல்லும் வேலைக்கு வந்த புதிதில், இதே தீவின் உயில் ஒன்றில் மூத்தவனுக்கு ஆறு பென்ஸ் என்று பார்த்ததும், "அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய மனஸ்தாபம்" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் குடும்பம் அதை வைத்து ஒரு கதையே கட்டிவிட்டது. அடுத்த மாதம் வேறு வேலையாக அதே பாரிஷின் உயில்களை வரிசையாகப் புரட்டினால், பத்தில் நாலில் ஆறு பென்ஸோ ஒரு ஷில்லிங்கோ இருக்கிறது. அத்தனை வீட்டிலுமா சண்டை? மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அன்றிலிருந்து மாங்க்ஸ் உயிலை, அதாவது மேன் தீவின் உயிலை, தனியாக எடுத்துப் படிப்பதே இல்லை. அந்தத் தீவின் வழக்குச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உயிலால் எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்கவே முடியாது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, நிலத்துக்கு வருவோம். தீவில் 17 பாரிஷ்கள். பாரிஷுக்குள் ட்ரீன் என்ற பிரிவுகள், ஒரு ட்ரீனைப் பொதுவாக நான்காகப் பிரித்தால் வருவது குவார்ட்டர்லேண்ட் என்கிற பண்ணை. 'பல்லா' என்று தொடங்கும் பெயர் எதைப் பார்த்தாலும் அநேகமாக அப்படியொரு பண்ணைதான். உங்கள் மாமனார் வீட்டுப் பெயரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பண்ணை மூத்த மகனுக்குப் போகும். மகனே இல்லையென்றால் மூத்த மகளுக்கு. இங்கிலாந்தில் மகன் இல்லாத வீட்டில் பெண்கள் எல்லோரும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மேன் தீவில் அப்போதும் பண்ணையை உடைக்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பத்திரங்களில் பூர்வீகச் சொத்து, சுயார்ஜிதச் சொத்து என்று பிரிப்போம் இல்லையா? மாங்க்ஸ் சட்டத்திலும் ஏறத்தாழ அதே பிரிவு உண்டு. வழிவழியாக வந்த நிலம் ஒரு வகை, விலைக்கு வாங்கிய நிலம் இன்னொரு வகை. வாங்கிய நிலத்தை உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வழிவழியாக வந்ததை உங்கள் முன்னோர் காலத்தில் உயிலால் அசைக்க முடியாது. ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்காதீர்கள். நம் பூர்வீகச் சொத்தில் எல்லா வாரிசுக்கும் பங்கு பேசுவோம், அங்கே ஒரே ஒருவருக்குத்தான்.

அந்த உரிமைகூடச் சும்மா வந்ததில்லை. தீவின் பிரபுக்களான டெர்பி ஏர்ல் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டில், "நிலம் எங்களுடையது, நீங்கள் குத்தகைக்காரர்கள்தான்" என்று சொல்லி, மூன்று பேரின் ஆயுள் வரைக்குமான குத்தகைக்கு விவசாயிகளை மாற்றப் பார்த்தார்கள். அதற்கு முன் கோர்ட்டில் ஒரு வைக்கோல் துரும்பைக் கை மாற்றி நிலத்தை மாற்றிக்கொண்டவர்கள் இவர்கள். 'வைக்கோல் பாத்தியதை' என்றே அதற்குப் பெயர். அந்த இழுபறியில் வீடு பழுது பார்க்கக்கூடப் பலருக்கு மனம் வரவில்லை. பிஷப் தாமஸ் வில்சன் நடுவில் நின்று பேசியதில், 1704இல் செட்டில்மென்ட் சட்டம் வந்து பரம்பரை உரிமை உறுதியானது. தீவுக்காரர்கள் அதைத் தங்கள் மேக்னா கார்ட்டா என்பார்கள். உங்கள் முன்னோர் சாகும்போது அந்தச் சட்டம் வந்து ஏறத்தாழ 36 வருடம்தான் ஆகியிருந்தது. சின்ன வயதில் அப்பாவும் தாத்தாவும் அந்தப் பயத்தோடு பேசியதைக் கேட்டு வளர்ந்தவராக இருந்திருக்கலாம்.

இனி அந்த ஆறு பென்ஸ். உயிலில் பேர் சொல்லாமல் விட்ட பிள்ளை பின்னால் வந்து, "அப்பா என்னை மறந்துவிட்டார், வீட்டுச் சாமானிலும் ஆடு மாட்டிலும் எனக்கும் பங்கு உண்டு" என்று கேட்க இடமிருந்தது. ஒரு சின்னத் தொகையைப் பேர் சொல்லிக் கொடுத்துவிட்டால், மறக்கவில்லை, தெரிந்துதான் இவ்வளவு கொடுத்தேன் என்று ஆகிவிடும், கதவும் அடைபட்டுவிடும். நிலத்தைப் பெறும் மூத்தவனுக்கும், கல்யாணத்தின்போதே தன் பங்கை வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்கும் இப்படித்தான் எழுதுவார்கள். அதிலிருந்து அவர்களுக்குள் பாசம் இருந்ததா, கோபம் இருந்ததா என்று எதையும் படிக்க முடியாது.

எக்ஸிகியூட்டர் என்ற சொல்லும் உங்களை ஏமாற்றும். இன்றைக்கு அது உயிலை நிறைவேற்றி வைக்கிற பொறுப்பாளரைக் குறிக்கும். அந்தக் காலத்து மாங்க்ஸ் உயிலில், பேர் சொல்லிக் கொடுத்தது போக மீதியெல்லாம் யாருக்குச் சேருமோ அவர்தான் எக்ஸிகியூட்டர். இப்போது உயிலை மறுபடி படித்துப் பாருங்கள். மூத்தவனுக்கு நிலம், இளையவர்கள் மூவருக்கு மாடு, ஆடு, தானியம், பாத்திரம், கட்டில். நிலம் கிடைக்காதவர்களுக்கு அப்பா தன்னால் கொடுக்க முடிந்த அத்தனையையும் கொடுத்திருக்கிறார். நியாயமான மனுஷன் என்றுதான் எனக்குப் படுகிறது. இளைய கிளைக்காரர்கள் அடுத்த முறை கிண்டல் செய்தால், அந்தப் பாதிக் குதிரை இப்போது எங்கே என்று அவர்களைக் கேளுங்கள்.

எனக்கு இந்த இரண்டில் ரொம்பப் பிடித்தது அந்த அம்மாவின் உயில்தான். இங்கிலாந்தில் அப்போது கல்யாணமான பெண்ணின் கையிலிருக்கும் பொருள் சட்டப்படி கணவனுடையது. அவன் சம்மதிக்காமல் அவள் உயில் எழுத முடியாது, அந்த நிலைமை பெருமளவு மாறியது 1882இல்தான். மேன் தீவிலோ வீட்டின் அசையும் பொருளில் பாதி மனைவியுடையது. கணவன் திண்ணையில் உட்கார்ந்திருக்க, உள்ளே அவள் தன் பாதியை யாருக்கு என்று சொல்லிவிட்டுச் சாகலாம். இதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. 1098இல் சாண்ட்வாட் என்ற இடத்தில் தீவின் வடக்கத்திக்காரர்களும் தெற்கத்திக்காரர்களும் மோதிக்கொண்டபோது, ஒரு பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து தங்கள் ஆண்களுக்குத் துணை நின்றார்களாம். அதனால்தான் அவர்களுக்குப் பாதி, மறுபக்கத்துப் பெண்களுக்கு மூன்றில் ஒன்று என்பார்கள். சண்டை நடந்தது பழைய வரலாற்றேட்டில் இருக்கிறது. பெண்கள் வந்த கதைக்கு நான் பொறுப்பில்லை.

குடும்பப் பெயர் வேறாக இருப்பதும் இதோடு ஒட்டியதுதான். தீவின் ஆவணங்களில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார்கள், அல்லது 'ஏலியஸ்' போட்டு இரண்டு பெயரும் இருக்கும். நம் பத்திரத்தில் 'லட்சுமி என்கிற பாப்பா' என்று எழுதுவது மாதிரி. அவர் மனைவிதானா என்ற சந்தேகத்துக்கு இந்தப் பெயர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பிள்ளைகளின் பெயர்கள் இரண்டு உயிலிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி.

பாதிக் குதிரைக்கு இப்போது அர்த்தம் வந்திருக்கும். 1736இல் அம்மா இறந்ததும் அவருடைய பாதி பிள்ளைகளுக்குப் போனது. குதிரையை வெட்டியா பங்கு போட முடியும்? அது அதே கொட்டிலில் நின்றது, கணக்கில் மட்டும் இரண்டானது. மூன்று வருடம் கழித்து அப்பா இறந்தபோது, மதிப்புப் போட வந்த நாலு பேர் அவருடைய பாதியை மட்டும் எழுதினார்கள். இவர்கள் கோர்ட் சத்தியம் செய்து வைத்து அனுப்பும் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். அதனால் இரண்டு பட்டியலையும் சேர்த்தே படியுங்கள். தனியாகப் படித்தால் அந்த வீடு இருந்ததைவிட ஏழையாகத் தெரியும்.

தொகையிலும் ஒரு பொறி இருக்கிறது. 1840 வரை ஒரு பிரிட்டிஷ் ஷில்லிங்குக்குத் தீவின் பென்ஸ் 14. பிரிட்டிஷ் பவுண்டு ஒன்று, தீவுக் கணக்கில் ஒரு பவுண்டு மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ். பட்டியலின் மொத்தத்தை அப்படியே இங்கிலாந்துப் பணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதியும் அப்படித்தான். அப்போது புதுவருடம் மார்ச் 25இல் பிறந்தது. அவர்கள் 1739 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்கில் 1740 பிப்ரவரி. இது வெறும் நுணுக்கம் இல்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் அயர்லாந்தும் பிரிட்டனும் உறைபனியில் விறைத்துப் போயின. ஏழைகளுக்குப் பார்லி கொடுப்பது அந்தத் தீவின் உயில்களில் அடிக்கடி வருவதுதான். ஆனால் அந்த மாதத்தில் ஒரு போல் பார்லி என்பது பாரிஷில் சில வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? உயில் முழுக்க ஆங்கிலத்தில் இருக்க, 'லாக்டன்' என்ற சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. சாகக் கிடந்தவர் பேசியது அநேகமாக மாங்க்ஸ் மொழி. படுக்கை ஓரம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதியவர் பாரிஷ் பாதிரியாராகவோ கணக்கராகவோ இருப்பார். சாயம் போடாத, செம்மறியின் இயற்கையான பழுப்பு நிறக் கம்பளிக்கு அவரிடம் ஆங்கிலச் சொல் இல்லை. மாங்க்ஸில் அது எலியின் பழுப்பு நிறம் என்று பொருள்படும். அந்த ஒரு சொல்லில் மட்டும்தான் உங்கள் முன்னோரின் குரல் நேராகக் கேட்கிறது. கோட்டும் லேசுப்பட்ட பொருளில்லை. ஆடு வளர்த்து, மயிர் கத்தரித்து, நூற்று, நெய்து, தைத்தது. செத்தவரின் உடுப்பைத் தம்பிக்கோ மகனுக்கோ பேர் சொல்லிக் கொடுப்பது மரியாதை.

பட்டியலின் கடைசியில் 'கடன்' என்று சில வரிகள் இருக்கும். அதையும் விடாதீர்கள், அக்கம்பக்கத்தில் யார் யாரோடு கொடுக்கல் வாங்கல் என்று தெரியும். செத்தவரிடம் வரவேண்டிய கடனை நிரூபிக்க இன்னும் பழைய காலத்தில் ஒரு விநோதமான வழி இருந்தது. கடன் கேட்பவர் அந்தக் கல்லறை மேலேயே மல்லாந்து படுத்து, நெஞ்சில் பைபிளை வைத்துக்கொண்டு, சாட்சிக்காரர்கள் பக்கத்தில் இருக்கச் சத்தியம் செய்ய வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை ஒழித்துவிட்டார்கள். பொய்க் கடன் கேட்பவர்கள் ஒழித்ததில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

இப்போது அண்டா. உங்கள் மாமனாரின் அக்கா சொல்வதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள், அதற்குப் பின்னால் ஒரு நிஜமான பழைய சட்டம் இருக்கிறது. வீட்டுச் சாமானில் சிலவற்றை உயிலுக்கும் பங்குக்கும் வெளியே, வாரிசுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அவற்றுக்கு 'கோர்ப்ஸ்' என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த வழக்குச் சட்டத்தில் அந்தப் பட்டியலே இருக்கிறது. அப்பா பக்கத்திலிருந்து மூத்த மகனுக்கு வில்லும் அம்பும், வாளும் கேடயமும், சாப்பாட்டு மேசை, கலப்பையின் இரும்புக் கொழு இவையெல்லாம். அம்மா பக்கத்திலிருந்து மூத்த மகளுக்கு நல்ல ராட்டினம், கம்பளியைச் சீவும் அட்டைகள், சாக்கு, அரிவாள், நல்ல மணிமாலை, அப்புறம் ஓர் அண்டா. கொழு இல்லாமல் பண்ணை இல்லை, ராட்டினமும் அண்டாவும் இல்லாமல் வீடு இல்லை. குடும்பம் நிற்பதற்கு எது அச்சாணியோ அதைப் பங்கு போட்டுக் கலைக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. சட்டம் போய்விட்டது, 'அண்டா மூத்த பெண்ணுக்கு' என்ற பேச்சு மட்டும் அந்த அக்காவின் வாயில் தங்கியிருக்கலாம். எனக்கென்னவோ அண்டாவைவிட அந்தப் பேச்சுதான் விலை மதிப்புள்ளதாகத் தெரிகிறது. அவர் அதை யாரிடம் கேட்டார் என்று ஒருநாள் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டு அண்டாதான் 1740இன் அண்டா என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பித்தளைப் பாத்திரம் தேயும், ஒட்டுப் போடுவார்கள், கடைசியில் பழைய பித்தளைக்குப் போட்டுப் புதிது வாங்குவார்கள். 280 வருடம் தாங்கிய அண்டா என்று சொல்வதற்குக் குடும்பக் கதையைத் தவிர வேறு ஏதாவது வேண்டும்.

நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம், சரிபார்க்க வழி இருக்கிறது. டக்ளஸிலேயே மாங்க்ஸ் மியூசியத்தில் இருக்கும் நூலகத்துக்குப் போய், பிரபுவின் வாடகைப் பதிவேட்டைக் கேளுங்கள். 'செட்டிங் புக்' என்றால் புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு குவார்ட்டர்லேண்டுக்கும் யார் பேரில் வாடகை என்று அதில் இருக்கும், ஆள் மாறினால் பேரும் மாறும். 1740ஐ ஒட்டி அந்த மூத்த மகனின் பேர் ஏறியிருந்தால் நான் சொன்னது உறுதி. அதற்கு முன்பே ஏறியிருந்தால் இன்னும் சுவாரசியம். மூத்தவனின் கல்யாண ஒப்பந்தத்திலேயே அப்பா பண்ணையை எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்குச் சாகும்வரை ஒரு பங்கை வைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்த ஒப்பந்தத்தையும் தேடுங்கள். உயில்களைத் தேடும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் உயில்கள் சர்ச் கோர்ட்டில்தான் பதிவாயின. வருடத்தில் ஒரு பாதி பிஷப்பின் கோர்ட், மறுபாதி ஆர்ச்டீக்கனின் (பிஷப்புக்கு அடுத்த நிலைப் பாதிரியார்) கோர்ட். அதனால் ஒரே வீட்டின் உயில்கள் இரண்டு வேறு வரிசையில் கிடக்கும். ஒன்றில் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

உங்கள் மாமனாரின் உயிலைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, அது தீவின் அட்வகேட் ஒருவர் செய்ய வேண்டிய வேலை. இங்கிலாந்து வக்கீலிடம் போக வேண்டாம், சட்டம் வேறு. மேன் தீவில் வாரிசு வரி இல்லை என்பது ஒரு நிம்மதி. மூத்தவருக்கே பண்ணை என்ற பழைய வழக்கு இன்று அவரைக் கட்டுப்படுத்தாது, 1740இன் காகிதத்தைக் காட்டி யாரும் பங்கு கேட்கவும் முடியாது. ஆனால் பழையவர்களிடமிருந்து ஒரு விஷயத்தை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளலாம். நிலத்துக்கும் வங்கிப் பணத்துக்கும் நாலு பக்கம் எழுதிவிட்டு, அண்டா, கடிகாரம், அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் 'இதர பொருட்கள்' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பாதி அந்த 'இதர'வில்தான் தொடங்கின. அவரை வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளையும் தொட்டு, இது யாருக்கு, ஏன் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது, அண்டா விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பட்டியலை உயிலோடு எப்படிச் சேர்ப்பது என்று அட்வகேட் சொல்வார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பிய படத்தில் அம்மாவின் உயிலின் இரண்டாம் பக்கத்தில் கீழ் மூலை மடிந்திருக்கிறது. 'ராட்டினமும் அட்டைகளும்' என்று தொடங்கும் வரி பாதியில் நிற்கிறது. யாருக்கு என்பது மடிப்புக்குள் இருக்கிறது. மூலத்தைப் பார்க்கப் போகும்போது அந்த மூலையைச் சரியாகப் படமெடுத்து அனுப்புங்கள்.